186 பக்கம், 23 தலை: ஒரு பம்ப் கம்பெனி வெப்சைட்டை ஒரே பேட்டர்னுக்கு கொண்டு வந்த கதை

தாராபுரம் பக்கமிருந்து ஒரு விவசாயி, ஓப்பன்வெல் மோட்டார் ஓடலைன்னு சர்வீஸ் கேட்டு போன் போட்டிருக்காரு, எடுத்தது ஒரு பொம்பளப் புள்ள, "இது டெய்லர் கடைங்க, மோட்டாரெல்லாம் இங்க இல்லீங்க"ன்னு சொல்லி வெச்சுருச்சு. மறுபடி போட்டா மறுபடி அதே புள்ள. மூணாவது தடவை அது கொஞ்சம் சத்தம் போட்டுருச்சு போல. இவரு நேரா டீலர் கடைக்குப் போய் கத்த, டீலர் கம்பெனிக்கு போன் பண்ணி கத்த, கம்பெனி ஓனர், அவங்க வெப்சைட்டைப் பாத்துக்கற எனக்கு போன் பண்ணாரு. அவரு கத்தலைங்க, அதான் இன்னும் சங்கடமா இருந்துச்சு.

"ஏங்கண்ணு, மொதப் பக்கத்துல புது நம்பர் தானே இருக்குது, அப்புறம் அந்தாளுக்கு பழைய நம்பர் எங்கிருந்து கெடச்சுது?"

நல்ல கேள்வி. மொதப் பக்கத்து வழியா யாருங்க உள்ள வர்றாங்க? கூகுள்ல மாடல் பேரை அடிச்சா நேரா அந்த மாடலோட பக்கத்துல தான் போய் விழுவாங்க, இல்லாட்டி மோட்டார் வந்த அட்டைப்பெட்டில இருக்கற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுவாங்க, அதுவும் மாடல் பக்கத்துக்குத்தான் போகும். ஆபீஸ்ல இருக்கறவங்க மட்டும் தான் மொதப் பக்கத்தை தெனம் பாக்கறாங்க, அதனால அது மட்டும் எப்பவும் பளிச்சுன்னு இருந்துச்சு.

கம்பெனி பேரு வேண்டாம். கோயம்புத்தூர் கணபதில இருக்குது, பக்கத்துலயே சொந்தமா சின்னதா ஒரு ஃபவுண்டரி, ஜெட் பம்பு, மோனோபிளாக், ஓப்பன்வெல், சப்மெர்சிபிள்னு எல்லாம் பண்றாங்க. வெப்சைட்ல மொத்தம் 186 பக்கம், அதுல 150 மாடலுக்கு ஒன்னுன்னு போட்ட ப்ராடக்ட் பக்கம், மீதி 36 தான் டீலர் லிஸ்ட், சர்வீஸ் சென்டர், கம்பெனி வரலாறு அப்படி இப்படின்னு. எல்லாமே தனித்தனி ஹெச்டிஎம்எல் ஃபைல். புது மாடல் வந்தா பழைய மாடலோட ஃபைலை காப்பி பண்ணி, பேரை மாத்தி, போட்டோவை மாத்தி ஏத்திருவாங்க. எனக்கு முன்னாடி மூணு பேரு கை பட்ட சைட்டு, நான் எடுத்து அப்ப ரெண்டு மாசம் தான் ஆச்சு, அதை ஒரு சாக்கா சொல்லலாம், ஆனா அந்த ரெண்டு மாசத்துல புது நம்பரை மொதப் பக்கத்துல மாத்துனது நான் தான்.

சரி, பழைய நம்பரை எல்லா ஃபைல்லயும் தேடி மாத்திரலாம்னு உக்காந்தேன். ஒரு பக்கத்துல நம்பர் சேர்த்து எழுதிருக்கு, இன்னொன்னுல நடுவுல ஸ்பேஸ், இன்னொன்னுல முன்னாடி ப்ளஸ் 91, இன்னொன்னுல நம்பரே படமா இருக்கு, ஒரு நம்பரைப் போய் படமா போடற ஆளை நான் என்னன்னு சொல்றது. நாலு தடவை தேடி நாலு தடவையும் புதுசு புதுசா கெடச்சுது. அப்பத்தான் தோணுச்சு, நம்பரை மாத்தறது இருக்கட்டும், மொதல்ல இந்த சைட்ல எத்தனை விதமான தலையும் காலும், அதாவது பக்கத்துக்கு மேல வர்ற ஹெடரும் கீழ வர்ற ஃபூட்டரும், இருக்குதுன்னு எண்ணிப் பாக்கலாம்னு.

எண்ணுன விதம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ஃபைல்லயும் ஹெடர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்பேஸ் எல்லாம் சுருக்கி, அதுக்கு ஒரு எம்டி5 கணக்குப் போட்டு, ஒரே கணக்கு வர்றதை எல்லாம் ஒன்னா அடுக்குனேன். எழுத்துக்கு எழுத்து ஒன்னா இருந்தா ஒரே நம்பர் வரும், ஒரு புள்ளி மாறினாலும் வேற நம்பர். 186 பக்கத்துக்கு ஒரு ஹெடர் தான் வந்திருக்கணும். வந்தது 23. ஃபூட்டர் அதுக்கும் மேல, 31.

அந்த 31 ஃபூட்டரையும் வரிசையா வெச்சுப் பாத்தா கொடுமணல்ல குழி தோண்டுன மாதிரி இருந்துச்சு, ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். கீழ் அடுக்குல 11 இலக்க டின் நம்பரும் சிஎஸ்டி நம்பரும் இருக்குது, அது ஜிஎஸ்டிக்கு முன்னாடி இருந்த வாட் வரி காலத்து ஃபூட்டர். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்தப்புறம் போட்ட பக்கத்துல 33-ல ஆரம்பிக்கற 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர். நடுவுல ஒரு கூட்டம் ரெண்டையும் சேர்த்து வெச்சுட்டு நிக்குது. 41 பக்கம் இன்னும் வாட் காலத்துலயே குடியிருந்துச்சு, அதை யாரும் கவனிக்கவே இல்ல.

இன்னொரு புதையலும் கெடச்சுது. 74 ஃபைல்ல மேல ஒரு கமென்ட் வரி, இன்ஸ்டன்ஸ்பிகின்னு ஆரம்பிச்சு ஒரு டெம்ப்ளேட் ஃபைலோட பேரு. டிரீம்வீவர்ங்கற வெப்சைட் பண்ற சாஃப்ட்வேர்ல வேலை பாத்தவங்களுக்கு இது தெரியும். அதுல டெம்ப்ளேட்டுன்னு ஒரு ஃபைல் வெச்சுட்டு, இந்த இந்த இடம் மட்டும் மாத்திக்கலாம், மீதி பூட்டுன்னு குறிச்சு வெக்கலாம், டெம்ப்ளேட்டை மாத்தி சேவ் பண்ணா அதுல இருந்து பொறந்த எல்லாப் பக்கத்தையும் அதுவே திருத்திக் குடுக்கும். அப்ப மொத ஆளு ஒழுங்காத்தான் ஆரம்பிச்சிருக்காரு! ஆனா அந்த டெம்ப்ளேட் ஃபைல் சர்வர்ல இருக்கணும்னு அவசியம் இல்ல, அவரோட கம்ப்யூட்டர்ல இருந்தாலே போதும், அவரு போனப்போ கம்ப்யூட்டரும் போச்சு. அடுத்து வந்தவரு சர்வர்ல இருந்த ஃபைலை எறக்கி நோட்பேட்ல கையால திருத்த ஆரம்பிச்சாரு, பூட்டுன இடமும் திருத்துனாரு, நோட்பேடுக்கு பூட்டாவது ஒன்னாவது. அங்க இருந்து பிரிஞ்சது தான் இந்த 23 தலை. அதனால "மொதல்லயே டெம்ப்ளேட் போட்டிருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காது"ன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், போட்டுத்தான் இருந்தாங்க, அச்சு தொலைஞ்சு போச்சு, அவ்ளோதான்.

இந்த அச்சுங்கற வார்த்தை தான் ஓனர்கிட்ட வேலையை சுலபமாக்குச்சு. டெம்ப்ளேட், லேஅவுட்னு நான் பத்து நிமிசம் பேசிட்டிருக்கேன், அவரு மூஞ்சில ஒன்னும் காணோம். அப்புறம் ஃபவுண்டரி பக்கம் கை காட்டி, "அண்ணா, பம்ப் கேசிங்குக்கு பேட்டர்ன் வெச்சு மண்ணுல அச்சு எடுக்கறீங்கல்ல, தெனமும் புதுசா மண்ணை கையால செதுக்கறதில்லையில்ல, உங்க சைட்ல 186 கேசிங்கும் கையால செதுக்குனது"ன்னேன். அவரு டக்குன்னு, "அப்ப உள்ள பொந்து வர்றதுக்கு கோர் வேணுமே, அது என்ன?"ன்னாரு. அது தாங்க ஒவ்வொரு மாடலோட விவரமும். வெளி உருவம் பேட்டர்ன், உள்ள வெக்கற கோர் மாடலுக்கு மாடல் வேற. அதுக்கப்புறம் அவரு டெம்ப்ளேட்டுன்னு சொன்னதே இல்ல, இன்னைக்கு வரைக்கும் பேட்டர்ன் தான்.

ஆனா கூடவே இன்னொன்னும் சொன்னாரு, அது அப்ப எனக்கு முழுசா ஏறலை. இரும்பு ஆறும்போது சுருங்கும், அதனால பேட்டர்னை மீட்டருக்கு ஒரு 10 மில்லி பெருசா செய்வோம், அந்தக் கணக்கு தப்புனா ஒரு கேசிங் இல்ல, அன்னைக்கு ஊத்துன அத்தனையும் ஸ்கிராப்புன்னாரு. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். பொங்கலுக்கு ஏறுச்சு, அதை பொறவு சொல்றேன்.

அடுத்த கேள்வி, பொதுவான ஹெடரையும் தனிப்பட்ட விவரத்தையும் எங்க வெச்சு ஒட்டறது? மூணு எடம் இருக்குது. பாக்கறவங்க பிரவுசர்ல ஒட்டலாம், அந்தக் காலத்து ஃபிரேம்செட்டு அப்படித்தான், மெனு ஒரு ஃபைல், விவரம் ஒரு ஃபைல், ரெண்டையும் பிரவுசர் பக்கத்துல பக்கத்துல காட்டும், ஆனா மேல அட்ரஸ் மாறவே மாறாது, உள்ள இருக்கற பக்கத்தை அடுத்தவருக்கு அனுப்பவும் முடியாது, ஹெச்டிஎம்எல்5-ல அதைக் கழட்டியே விட்டுட்டாங்க. இப்ப அதையே ஜாவாஸ்கிரிப்ட் வெச்சு பண்றவங்க இருக்காங்க, பக்கம் வந்தப்புறம் ஹெடர் குதிச்சு வந்து உக்காரும், காங்கேயம் தாண்டி டவர் ஒரு கோடு இருக்கற எடத்துல மெனுவே வராம போயிரும். ரெண்டாவது, சர்வர்ல ஒட்டறது. அப்பாச்சிங்கற சர்வர் சாஃப்ட்வேர்ல சர்வர் சைடு இன்க்ளூட்னு பழைய வழி ஒன்னு உண்டு, பிஹெச்பி இன்க்ளூடும் அதே வேலை தான், யாராச்சும் பக்கம் கேக்கும்போது அந்த நொடில தலையையும் காலையும் சேர்த்துக் குடுக்கும். வேர்ட்பிரஸ்ல ஹெடர் ஃபைல், ஃபூட்டர் ஃபைல்னு இருக்கறதும் இந்த ரகம் தான். மூணாவது, நம்ம கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் ஒட்டி முடிச்சு முழுப் பக்கமா சர்வருக்கு ஏத்தறது, டிரீம்வீவர் செஞ்சது இது, இப்ப ஹியூகோ, லெவன்டி, ஜெக்கில்ங்கற டூலெல்லாம் செய்யறதும் இதைத்தான்.

ஓனரோட பையன் வேர்ட்பிரஸ் போட்டுரலாம்னு நின்னாரு. தப்பில்ல, ஆனா அதுக்கு டேட்டாபேஸ், பிளக்இன், அதுக்கு அப்டேட்டு, அப்டேட் பண்ணாம விட்டா எவனாச்சும் உள்ள பூந்துருவான், இதையெல்லாம் பாக்க இங்க ஆள் இல்ல, இந்த சைட்ல ஒரு மாசத்துக்கு மாறறது ரெண்டு மூணு வரி. நான் லெவன்டின்னு முடிவு பண்ணதுக்கு பெரிய காரணம் அட்டைப்பெட்டி தான். கியூஆர் கோடு அச்சடிச்ச பெட்டி குடோன்ல அடுக்கடுக்கா கெடக்குது, வித்துப்போன பெட்டி எந்தெந்த ஊருல இருக்குதோ, அந்தப் பழைய முகவரி ஒன்னு கூட மாறக்கூடாது. பிஹெச்பில பண்ணாலும் ரீரைட் (பழைய முகவரி கேட்டா புதுப் பக்கத்தைக் குடுக்கற விதி) போட்டு சமாளிக்கலாம், ஆனா ஹோஸ்டிங் மாத்தற அன்னைக்கு அந்த ரீரைட் ஃபைலை எடுத்துட்டுப் போக மறந்தா கதை முடிஞ்சுது. லெவன்டில ஒவ்வொரு பக்கத்துக்கும் பெர்மாலிங்க்னு பழைய ஃபைல் பேரையே குடுத்துட்டா, அதே எடத்துல அதே பேருல நிஜமான ஃபைலா வந்து உக்காந்துக்கும்.

இது வரைக்கும் டெக்னிக்கல் சமாச்சாரம், மொத்தமா ரெண்டு நாள் வேலை. நெஜமான வேலை என்னன்னா, 150 ப்ராடக்ட் பக்கமும் ஒன்னுக்கொன்னு எங்கெங்க மாறுது, ஏன் மாறுதுன்னு பிரிக்கறது. ஆபீஸ்ல பில்லிங் பாக்கற அக்கா கூட நாலு நாள் உக்காந்தேன், அவங்களுக்கு எந்த மாடல் எந்த டீலருக்குப் போகுது, எது திரும்பி வருதுங்கறதெல்லாம் அத்துப்படி. மத்தியானம் அவங்க கொண்டு வந்த அரிசிம்பருப்பு சாதத்துல எனக்கும் பங்கு உண்டு, அதை இங்க சொல்லாம விட்டா பாவம்.

மாத்தமெல்லாம் மூணு தினுசா பிரிஞ்சுது. மறந்துபோய் வந்த மாத்தம், பழைய நம்பர் மாதிரி. அவங்கவங்க ரசனைக்கு வந்த மாத்தம், ஒருத்தருக்கு நீலப் பட்டை பிடிக்கும், ஒருத்தருக்கு பச்சை. மூணாவது, காரணத்தோட வந்த மாத்தம். மொத ரெண்டையும் தூக்கிப் போட்டுரலாம், மூணாவதை காப்பாத்தணும், தகராறு என்னன்னா மூணும் ஃபைல்ல பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். த்ரீ ஃபேஸ் மாடல் டேபிள்ல ஒரு நெடுவரிசை கூடுதலா இருக்குதே, தப்போன்னு பாத்தா அது ஸ்டார்ட்டர் வகை, வேணும். மோனோபிளாக் சிலதுல ஹெட்டுன்னு, அதாவது தண்ணி தள்ளற உயரம், மீட்டர்ல போட்டிருக்கு, சிலதுல அடில, தண்ணி அளவு சிலதுல நிமிசத்துக்கு இத்தனை லிட்டர், சிலதுல செகண்டுக்கு. இதெல்லாம் டெம்ப்ளேட் போட்டா சரியாயிரும்னு நெனச்சா ஆகாதுங்க, 60 மடங்கு வித்தியாசத்துல இருக்கற ரெண்டு நம்பரை ஒரே தலைப்புக்குக் கீழ அழகா அடுக்கிக் காட்டும், முன்னாடி அசிங்கமா இருந்த தப்பு இப்ப அழகா இருக்கும், அவ்ளோதான். எல்லாத்தையும் மீட்டருக்கும் நிமிசத்துக்கும் மாத்தி ஒரே எக்ஸல் ஷீட்டுல ஏத்துனோம். ஆனா இங்க மோட்டார் வாங்க வர்றவரு "எத்தனை அடி தள்ளும்?"னு தான் கேப்பாரு, அதனால டெம்ப்ளேட்டே மீட்டரை 3.28-ஆல பெருக்கி பக்கத்துலயே அடியும் காட்டற மாதிரி வெச்சேன், 30 மீட்டர்னா 98 அடின்னு தானா வரும். யாரும் கையால கணக்குப் போட வேண்டாம்.

அமைப்பு பெருசா ஒன்னுமில்ல. அடில ஒரு பேஸ் லேஅவுட், அதுல ஹெடர், ஃபூட்டர், சிஎஸ்எஸ் (நிறம், அளவு மாதிரி தோற்றத்தைச் சொல்ற ஃபைல்). அதுக்கு மேல ப்ராடக்ட் லேஅவுட் ஒன்னு, டீலர் லிஸ்ட்டுக்கு ஒன்னு, சாதா பக்கத்துக்கு ஒன்னு. எக்ஸல்ல இருந்து சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலா) எடுத்த ஷீட்டை லெவன்டி படிக்கும், சிஎஸ்வி அதுக்கு நேரடியா தெரியாது, கான்ஃபிக் ஃபைல்ல நாலு வரி சேர்க்கணும். பேஜினேஷன் சைஸ் 1-னு வெச்சா ஷீட்டுல ஒரு வரிக்கு ஒரு பக்கம் தானா பொறக்கும். போன் நம்பர், ஜிஎஸ்டி நம்பர், அட்ரஸ் எல்லாம் தனியா ஒரு ஃபைல்ல ஒரே ஒரு தடவை.

தமிழ்ப் பக்கம் கொஞ்சம் ஆட்டம் காட்டுச்சு. மெனு பட்டனெல்லாம் இங்கிலீஷ் வார்த்தை அளவுக்கு தச்ச சட்டை, "நீர்மூழ்கி மோட்டார்கள்"னு போட்டதும் ரெண்டு வரியாகி கீழ இருக்கற போட்டோ மேல ஏறிருச்சு. எழுத்துக்கு நடுவுல எடைவெளி விடற ஒரு ஸ்டைல் வேற போட்டிருந்தேன், இங்கிலீஷ்ல கம்பீரமா இருந்துச்சு, தமிழ்ல கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்னுச்சு. அதுக்கப்புறம் எந்த லேஅவுட்டையும் மொதல்ல தமிழ் வார்த்தையைப் போட்டுத்தான் பாக்கறது, தமிழ் தாங்குனா இங்கிலீஷ் தானா தாங்கும்.

ஏத்துறதுக்கு முன்னாடி பழைய பக்கத்து எழுத்தையும் புதுப் பக்கத்து எழுத்தையும் எடுத்து, எங்க மாறுதுன்னு காட்டற டிஃப் போட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு, ஏத்திட்டேன், ஓனருக்கு சந்தோசம், எனக்கும். ரெண்டு வாரம்.

பல்லடத்துல ஒரு டீலர், வி6 சப்மெர்சிபிள் ஒன்னை குட்டியானைல ஏத்தி தோட்டத்துக்குக் கொண்டு போயிருக்காரு. அங்க போர் 4½ இன்ச். வி6 ஆறு இன்ச் போருக்கான பம்பு, 4½-ல எறங்கவே எறங்காது, அதுக்கு வி4 தான். எறக்கற ஆளுங்க, கப்பி, பைப்பு எல்லாம் ரெடியா நிக்குது, பம்பு வாயிலயே நின்னுருச்சு. கூலி குடுத்து திருப்பி ஏத்தி, கடைக்கு வந்து, ஆபீஸுக்கு போன் பண்ணி, "உங்க சைட்டைப் பாத்து தானுங்க ஆர்டர் போட்டேன், அதுல போர் சைஸ் ஒன்னும் போடலையே"ன்னாரு.

அக்காவுக்கு உடனே பொறி தட்டிருச்சு. பழைய வி6 பக்கத்துல ஒரு செவப்புப் பெட்டி இருந்துச்சு, "வாங்கும் முன் போர் அளவு பார்க்கவும், 4½ இன்ச் போரில் இறங்காது"ன்னு. எனக்கு முன்னாடி இருந்தவரு, இதே மாதிரி ஒரு பம்பு திரும்பி வந்தப்போ போட்டது. அந்தப் பெட்டியைப் படமா போட்டிருந்தாரு. படத்துக்குள்ள இருக்கற எழுத்து டிஃப்ல வராது, நான் அதை அலங்காரம்னு நெனச்சு ரசனைக் குவியல்ல தள்ளிட்டேன். எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கறேன்னு போய், வித்தியாசமா இருக்க வேண்டியதையும் சேர்த்து வழிச்சுட்டேன். நம்பரைப் படமா போட்ட ஆளைத் திட்டுனேன் பாருங்க, பெட்டியைப் போட்டதும் அதே ஆளு தான், இந்தத் தடவை திட்ட முடியலை.

அவசரத்துல டெம்ப்ளேட்ல ஒரு இஃப் போட்டேன், மாடல் வி6-ஆ இருந்தா பெட்டியைக் காட்டு. அடுத்த வாரம் இன்னொன்னு, ஜெட் பம்பா இருந்தா ஃபுட் வால்வு பத்தி ஒரு வரி. அப்படியே 14 இஃப் ஆயிருச்சு, டெம்ப்ளேட்டைத் திறந்தா பழைய 23 தலையும் இப்ப ஒரே ஃபைலுக்குள்ள குடித்தனம் நடத்துது. எல்லாத்தையும் புடுங்கிட்டு ஷீட்டுல "எச்சரிக்கை"ன்னு ஒரு நெடுவரிசை சேர்த்தேன். அதுல எழுத்து இருந்தா பெட்டி வரும், காலியா இருந்தா வராது, டெம்ப்ளேட்டுக்கு ஒரே ஒரு இஃப். இதுல எனக்கு இப்ப ஒரு பிடிவாதமே வந்துருச்சு, மாடல் பேரு டெம்ப்ளேட்டுக்குள்ள வந்தா அது தப்பு, விதிவிலக்கு ஷீட்டுல தான் இருக்கணும், ஏன்னா ஷீட்டை அக்காவால படிக்க முடியும், டெம்ப்ளேட்டை முடியாது.

பொங்கலுக்கு வர்றேன். எல்லாப் பக்கத்துலயும் மேல ஒரு வாழ்த்துப் பட்டை வேணும்னாரு ஓனரு, பேஸ் லேஅவுட்ல ஒரு எடத்துல போட்டாப் போதும், அஞ்சு நிமிச வேலை, எனக்கும் ஊருக்குப் போற அவசரம். ஒரு டிவ்வை, அதாவது பக்கத்துல ஒரு பகுதியைச் சுத்திப் போடற டேக்கை, மூட மறந்துட்டேன். லெவன்டி அதெல்லாம் கேக்காது, குடுத்ததை ஒட்டிக் குடுக்கும், தப்பில்லாம பில்டு ஆயிருச்சு. கம்ப்யூட்டர்ல பாத்தா ஒன்னும் தெரியலை, போன்ல 186 பக்கமும் பட்டைக்குள்ள மாட்டி ஒரு பக்கமா இழுத்துட்டு நின்னுருக்கு, மூணு நாள். அன்னைக்கு ஊத்துன அத்தனையும் ஸ்கிராப்பு. முன்னாடி கையால செதுக்குன காலத்துல ஒரு பக்கம் கெட்டா ஒரு பக்கம் தான் கெடும்.

திருத்தி ஏத்துனப்புறமும் சில பேருக்கு சரியாகலை, ஏன்னா அவங்க போன் பழைய சிஎஸ்எஸ்ஸை சேமிச்சு வெச்சிருக்கு, புது ஹெச்டிஎம்எல்லும் பழைய சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து புதுசா ஒரு கோலம். இப்ப சிஎஸ்எஸ் மாறும்போதெல்லாம் ஃபைல் பேரோட ஒரு எண்ணும் சேர்ந்து மாறும், பிரவுசர் புது ஃபைல்னு நெனச்சு எறக்கிக்கும். பில்டு நேரா சர்வருக்குப் போகாது, தனி ஃபோல்டர்ல எறங்கி, மூடாத டேக் இருக்கான்னு வேலிடேட்டர்ல ஓடி, அப்புறம் லேஅவுட்டுக்கு ஒன்னுன்னு நாலஞ்சு பக்கத்தை போன்ல திறந்து கண்ணால பாத்துட்டுத்தான் போகும். பழைய சைட்ல ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பாக்க முடியாது, 186 பானை தனித்தனியா வெந்துச்சு. இப்ப பாக்கலாம்.

ஒரு குறை இன்னும் இருக்குது. ஃபூட்டர்ல ஒரு எழுத்து மாறினாலும் 186 ஃபைலும் மாறும், எல்லாத்தையும் மறுபடி ஏத்தணும், இன்க்ளூட் முறைல இந்தத் தொல்லை இல்ல. ஹோஸ்டிங்ல எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள்ள நேரா போற வழி) இருந்ததால, மாறுனதை மட்டும் அனுப்பற ஆர்சிங்க் வெச்சு சமாளிக்கறோம், வெறும் எஃப்டிபி மட்டும் குடுக்கற எடமா இருந்திருந்தா நான் பிஹெச்பிக்கே போயிருப்பேன்.

போன மாசம் சர்வீஸ் நம்பர் மறுபடி மாறுச்சு. அக்காவே அந்த ஃபைலைத் திறந்து, ஒரு வரியை மாத்தி, பட்டனை அமுக்கிட்டு, டீ வர்றதுக்குள்ள "பாருங்க தம்பி"ன்னு எனக்கு வாட்ஸப் போட்டாங்க. அந்த எம்டி5 கணக்கை இப்பவும் மாசம் ஒரு தடவை ஓட்டறேன், ஹெடர் 2 வருது, 1 இல்ல. ரெண்டாவது, கம்பெனி வரலாறு பக்கம். அதுல ஓனரோட அப்பா மொத லேத் முன்னாடி நிக்கற போட்டோ மேல் பட்டை முழுக்க இருக்குது, பேட்டர்ன்ல போட்டா தலை வெட்டுது. "அதை மட்டும் கையால செதுக்குனதாவே இருக்கட்டும் கண்ணு"ன்னுட்டாரு. நம்பர் மாறுனப்போ அந்தப் பக்கத்தை மட்டும் நான் தனியா திறந்து கையால மாத்துனேன்.